குளத்தங்கரை மேட்டில் நின்ற லாரி

எஞ்சின் காட்டுக் கத்தல் கத்துகிறது. வண்டி நகரவில்லை.

வலது பக்கம் குளம். ஐப்பசி மழையில் நிரம்பிக் கரையின் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிற்கிறது. இடது பக்கம் பள்ளத்தில் வாழை. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மேட்டுப் பாதை. பின்னால், மேட்டின் அடியில், குளத்தின் மறுகால் பாய்கிறது. மிஞ்சின தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் சுழித்துக்கொண்டு வெளியேறும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதைக் கடக்கிறதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது.

பாதி மேட்டில் எங்கள் லாரி நிற்கிறது. பின்புறப் பலகைத் தட்டில், வைக்கோல் மேல் விரித்த ஜமுக்காளத்தில், என் மனைவி எஸ்தர் பிரசவ வலியில் கிடக்கிறாள்.

நிற்கிறது என்றா சொன்னேன்? அதுவும் பொய். பைய, ஒரு முழம், வண்டி பின்னால் நழுவிற்று.



சென்ற வாரம் எழுதியதை, கொழும்புக் கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அதற்கப்புறம் கல்யாணம், வேலை, பாளையங்கோட்டைக் குடித்தனம் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா கேட்கவில்லை. நேரே அந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வரிசை கிடக்கட்டும், எனக்கென்ன பரீட்சையா?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜில்லாவில் மோட்டார் ஓட்டிய ஆரம்ப ஆட்களில் ஒருவன் என்பதால் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துச் சில வாசகர்கள் எழுதுகிறார்கள். அட போங்கய்யா. நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. பயந்து பயந்து ஓட்டினதால்தான் இன்றைக்கு உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

முன்னால் துரை, பின்னால் பாரவண்டி

அந்த லாரிக்குச் சொந்தக்காரர் சங்கரலிங்கம் பிள்ளை. ஆத்தூர் வெற்றிலையைக் கட்டுக் கட்டாக ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து ரயிலேற்றுகிற வியாபாரி. வெற்றிலை வாடுவதற்குள் வந்து சேர மாட்டு வண்டி போதவில்லை என்று மோட்டாரில் இறங்கினார்.

வண்டி புதிது இல்லை. சண்டைக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப்போன பழைய கார். பிள்ளைவாள் அதன் பின் ஆசனத்தை அறுத்தெறிந்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டுப் பலகைத் தட்டு ஒன்று அடித்து மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் துரை வருவதுபோல் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் பாரவண்டி. தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. பிள்ளைவாளுக்கு மட்டும் அதன்மேல் உயிர். நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஹாரன் பந்தை அமுக்குவது அவர் வேலை. அந்தப் பந்தை வேறு யாரும் தொடக் கூடாது.

அவர் தீவிர சைவர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில், மார்பில், கையில் என்று பட்டை பட்டையாக. இடுப்பில் ஒரு பட்டுப் பை. அதில் திருச்செந்தூர்த் திருநீறு. எனக்குத் தெரிந்து அவர் நெற்றியை வெறுமையாகப் பார்த்தவர் யாருமில்லை. தோல் சாமானைக் கையால் தொட மாட்டார். செருப்பைக்கூடக் காலால் தள்ளித் தள்ளித்தான் மாட்டிக்கொள்வார். நானோ வேதக்கோயில் உபதேசியார் மகன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தொட மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு அதுவும் கொஞ்சம் படுத்துக் கெடக்கட்டும்லே" என்று ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது ஆள் கிளீனர் மாடசாமி. அதற்கு முன்னால் பாரவண்டி ஓட்டியவன். மேட்டில் மாடு திணறினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை மோட்டாருக்கு வந்த பிறகும் விடவில்லை. கட்டையும் கையுமாகத் தட்டில் உட்கார்ந்து வருவான். நான் கேலி செய்வேன். பின்னால் அவன் காலில் விழாத குறை.

கிண்ணத்துக்குள் கிண்ணம்

இனி வரப்போகிறது புரியவேண்டுமானால் கிளச்சைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் காலத்து லாரி டிரைவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்குத் தட்டு கிளச்சு. எங்களுக்குத் தோல் கிளச்சு.

எஞ்சினின் பின்பக்கத்தில் கனத்த சக்கரம் ஒன்று சுற்றும். அதன் உட்புறம் கிண்ணம்போல் குடைந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம், வெளிப்புறத்தில் மாட்டுத்தோல் போர்த்தியது, ஸ்பிரிங் அழுத்திப் பொருந்தி நிற்கும். தோல் கவ்வினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். கியர் பெட்டிக்கும், அதிலிருந்து தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்கும் ஓட்டம் போகும். இடது காலால் மிதித்தால் உள்கிண்ணம் விலகிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். எல்லாம் ஒரு சாண் தோலின் பிடியில் இருக்கிறது.

அந்தத் தோல் காய்ந்து போனால் வெடுக்கென்று கடிக்கும். வண்டி உதைத்துக்கொண்டு கிளம்பும். அதற்காக எப்போதாவது சில சொட்டு விளக்கெண்ணெய் விடுவேன். தோல் பதமாக இருக்க வேண்டும், அதே சமயம் பிடிக்கவும் வேண்டும். நான் அதை விடும்போதெல்லாம் பிள்ளைவாள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வண்டி நன்றாக உதைக்கும். கிளம்பும்போதெல்லாம் பிள்ளைவாள் "அம்மாடி" என்று கம்பியைப் பிடிப்பார். அந்த ஐப்பசியில், ஒரு வாரம், திடீரென்று உதை நின்றுபோயிற்று. காலை எடுத்தால் வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல் கிளம்பிற்று.

"பாத்தியாலே, கழுத குணம் மாறிட்டு" என்றார் பிள்ளைவாள். அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. மாடசாமி ஏனோ வேறு பக்கம் பார்த்தான். நானும் சந்தோஷப்பட்டேன். நோய் ஒன்று சுகம்போல வேஷம் கட்டி வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆத்தூரில் வந்த ஆள்

எஸ்தருக்கு அது தலைப்பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஊர். நாங்கள் ஆத்தூரில் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு ஆள் செம்மண் அப்பின காலோடு ஓடி வந்தான். முந்தாநாளே வலி கண்டுவிட்டதாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். தன்னால் ஆகாது, பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம்.

நான் கையில் பிடித்த வெற்றிலைக் கட்டோடு அப்படியே நின்றேன். பிள்ளைவாள்தான் கத்தினார்.

"ஏலே மாடசாமி, வெத்தலக் கட்டெல்லாம் எறக்கு! வெத்தல கெடக்கு மயிரு! சாமுவேலு, வண்டிய எடுலே!"

அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்காகவே அந்த மனுஷனை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன்.

எஸ்தரை மாமியாரும் நாலு பேருமாகத் தூக்கிவந்து தட்டில் படுக்கவைத்தார்கள். முகம் வெளிறி உதடு கடிபட்டு ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்திட்டியளா" என்றாள். அதற்குமேல் பேச வலி விடவில்லை. மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "மாப்ளே, குலுக்காம போங்க. ஆனா சீக்கிரம் போங்க" என்றார். இரண்டையும் எப்படிச் செய்வது என்று நான் கேட்கவில்லை.

இரைச்சல் ஏறியது, வேகம் ஏறவில்லை

ஆழ்வார்திருநகரியைத் தாண்டும்வரை குறையில்லை. குலுக்காமல் கிளம்பியது, அதற்காகக் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன். கோபுரம் பின்னால் மறைந்து, பாதை லேசாக ஏறத் தொடங்கிய இடத்தில்தான் காதில் ஒன்று தட்டிற்று.

கொஞ்சம் பெட்ரோல் கொடுத்தேன். எஞ்சின் இரைச்சல் ஏறியது. வேகம் ஏறவில்லை. ஓரத்துப் பனைமரங்கள் அதே நிதானத்தில்தான் பின்னால் போயின. இன்னும் கொடுத்தேன். எஞ்சின் அலறியது. பனை அதே பனைதான்.

எஞ்சின் கொடுக்கிற ஓட்டம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ திருட்டுப் போகிறது. எங்கே? கிளச்சிலா, கியர் பெட்டியிலா, தண்டிலா, பின் அச்சிலா?

பின்னால் எஸ்தர் முனகிக்கொண்டிருந்தாள். பிள்ளைவாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஹாரனை அமுக்க மறந்திருந்தார்.

மறுகாலை இறங்கிக் கடந்தோம். தண்ணீர் அச்சு மட்டும் வந்தது. மறுகரை ஏறி, குளத்து மேட்டில் பாதி போயிருப்போம். அப்போது வந்தது அந்த வாடை.

தோல் தீய்கிற வாடை. மயிரும் தோலும் சேர்ந்து எரிகிற, மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாடை. என் மாமியார் தட்டிலிருந்து அலறினார்.

"ஏசப்பா! பக்கத்துல சுடுகாடு இருக்கா? என்ன வாட இது? எம் பிள்ளைக்கு ஆகாதே!"

சுடுகாடு எதுவும் இல்லை. வாடை என் காலுக்கடியிலிருந்து வந்தது. வண்டி நின்றது. எஞ்சின் கத்தியது. பைய, ஒரு முழம், பின்னால் நழுவிற்று.

சில்வாவின் கால்

இந்த இடத்தில் யாருமே செய்வது பிரேக்கை மிதிப்பது. என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதிக்கத் துணிவு வரவில்லை. ஏன் என்று சொன்னால்தான் அந்தப் பயம் புரியும்.

அந்தக் காலத்து வண்டிகளில் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால் தண்டைத்தான் பிடிக்கும். தண்டு நின்றால் சக்கரம் நிற்கும். தண்டே முறிந்திருந்தால்? பிரேக் முறிந்த துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரம் தன் இஷ்டத்துக்கு உருளும். கைப் பிரேக் என்று ஒன்று உண்டு, அது சக்கரத்தைப் பிடிப்பது. எங்கள் வண்டியில் அதன் கம்பி நைந்து, சமதளத்தில் வண்டியை நிறுத்திவைக்க மட்டும் உதவும். மேட்டில் அதை நம்ப முடியாது.

கொழும்பிலிருந்து மலைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்ததை முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே எனக்குச் சிநேகிதன் சில்வா, பக்கத்துத் தோட்டத்து டிரைவர். நல்ல பாட்டுக்காரன். ஒரு நாள் மலைப்பாதையில் அவன் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் பின்னால் கீழ் வளைவில் வந்துகொண்டிருந்தேன். மேலே எஞ்சின் அலறுகிற சத்தம் கேட்டது. வண்டி நின்றது. பிறகு பின்னால் வர ஆரம்பித்தது. சில்வா ஆசனத்திலிருந்து எழும்பி, உடம்பு முழுவதையும் ஒரு காலில் ஊன்றிப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை; தண்டு முறிந்திருந்தது. என் முன்னாலேயே விளிம்பு தாண்டிப் போயிற்று. பள்ளத்திலிருந்து அவனை எடுத்தபோதும் அந்தக் கால் விறைப்பாகவே இருந்தது.

எஞ்சின் அலறல், நிற்பது, பின்னால் வருவது. எல்லாம் அதே வரிசை.

மிதித்தால் தெரிந்துவிடும். பிடித்தால் தண்டு உயிரோடு இருக்கிறது. பிடிக்காவிட்டால் மறுகால் தண்ணீர், எஸ்தர், வயிற்றுப் பிள்ளை, எல்லாம் போச்சு. தெரிந்துகொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கணம்தான் இருக்கும். இப்போதும் சில நாள் தூக்கத்தில் அந்தக் கணத்துக்குள் மாட்டிக்கொண்டு என் வலது கால் மட்டும் விறைத்துக்கொள்கிறது.

"லே சாமுவேலு!" என்று பிள்ளைவாள் அலறினார்.

மிதித்தேன்.

பிடித்தது.

"மாடசாமி, கட்டையப் போடு!" என்று கத்தினேன். அவன் அதற்கு முன்பே குதித்திருந்தான். சக்கரத்துக்கடியில் கட்டை விழுகிற சத்தம் கேட்டது. எஞ்சினை நிறுத்தினேன்.

மூக்கு பிடித்த திருடன்

பிரேக் பிடித்ததே எனக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. தண்டு நன்றாக இருக்கிறது, பின் அச்சும் நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு முன்னால், கியர் பெட்டியிலோ கிளச்சிலோ. கியர் பெட்டிப் பல் உடைந்திருந்தால் கடகடவென்று கொட்டியிருக்கும். அப்படிச் சத்தம் இல்லை. வாடையோ தோல் வாடை.

மிதிபலகையைப் பெயர்த்தேன். மாடசாமியை மறுபடி எஞ்சினைச் சுற்றிவிடச் சொல்லி, பிரேக்கை அழுத்தியபடியே கியரைப் போட்டு, இடது காலை மெல்ல எடுத்து எட்டிப் பார்த்தேன். வெளிக்கிண்ணம் விர்ரென்று சுற்றியது. உள்கிண்ணம் அப்படியே நின்றது. இரண்டுக்கும் நடுவிலிருந்து நீலப் புகை. உடனே நிறுத்திவிட்டேன்.

"தண்ணி பட்டிருக்கும்லே. மறுகால்ல எறங்குனோம்லா, அதான்" என்றார் பிள்ளைவாள், நான் கேட்காமலே.

"தண்ணி பட்டா ஆவி வரும் அண்ணாச்சி. தோல் கருகாது. அதுவும் போக, மறுகாலுக்கு முன்னாலயே இது ஆரம்பிச்சிட்டு."

துணியைச் சுற்றி விரலை விட்டு வழித்தேன். விரல் பளபளவென்று வந்தது. எஞ்சின் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. நான் விடுகிற விளக்கெண்ணெயா? அதுவும் இல்லை. கருகின தோலுக்கு நடுவிலும் அந்த வாசனை தெளிவாகத் தெரிந்தது. கம்மென்று, வீட்டு வாசனை. எங்கேயோ பக்கத்தில்கூட அடித்தது. தலையைத் திருப்பினேன். பிள்ளைவாளின் குடுமியிலிருந்து அதே வாசனை.

நல்லெண்ணெய்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள யாரு எண்ண ஊத்துனா?"

பிள்ளைவாள் திருதிருவென்று விழித்தார். மாடசாமி கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு ஊத்துனான்னு கேக்கேன்!" என்று கத்தினேன். சம்பளம் கொடுக்கிற மனுஷனிடம் அப்படிக் கத்தினது அதுதான் முதலும் கடைசியும். "பின்னால கெடக்கது எம் பொண்டாட்டி அண்ணாச்சி!"

"நான்தாம்லே ஊத்துனேன்." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "நீ சொட்டுச் சொட்டா விடுத. உத நிக்கல. நமக்குச் சனிக்கெழம எண்ண தேச்சாத்தான ஒடம்பு எளகுது, அதுவும் உழைக்குத உசிருதானன்னு... சனிக்கெழமைக்குச் சனிக்கெழம ஒரு உழக்கு ஊத்துனேன். இவன்ட்ட சொல்லாதன்னுட்டேன். நீ ஏசுவன்னு."

வாரா வாரம் வண்டிக்கு எண்ணெய்க் குளி! வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு காரியம் நடக்குமா? அவருக்கு ஒரு சூதும் கிடையாது. தன் தலைக்கு வைத்ததை அதற்கும் வைத்தார். எனக்கு அவரை அடிக்கலாம்போலவும் இருந்தது, அழலாம்போலவும் இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து எஸ்தர் வீறிட்டாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பயம் மட்டும்தான் மிச்சம்.

செந்தூர்த் திருநீறு

எண்ணெயை எடுக்க வழி எனக்குத் தெரியும். பெட்ரோலில் நனைத்த துணியால் தோலைத் துடைக்க வேண்டும். பிறகு காய்ந்த பொடி எதையாவது தூவி, மிச்ச எண்ணெயைக் குடிக்கவைக்க வேண்டும். தோட்டத்துத் துரை அதற்கென்று ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடி வைத்திருப்பார். எங்களிடம் பெட்ரோல் இருந்தது. பொடி இல்லை.

பெட்ரோலுக்கும் அவசரப்பட முடியாது. கிண்ணம் கொதித்துக்கொண்டிருந்தது. சுடுகிற இரும்பில் பெட்ரோல் பட்டால் வைக்கோலோடும் எஸ்தரோடும் வண்டி பற்றிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தேன். சுட்டது. பின்னால் போய் எஸ்தரைப் பார்த்தேன். திரும்பி வந்து தொட்டேன். இன்னும் சுட்டது. அவளோ குளிர்ந்துகொண்டு வந்தாள், அவள் கை ஐஸாக இருந்தது. இரும்பு ஆறுகிற வேகத்தையும் அவள் ஆறுகிற வேகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு கொடுமை என் எதிரிக்கும் வரக் கூடாது. மாமியார் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி ஆரம்பத்துக்கே போனார்.

உள்ளங்கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். பிள்ளைவாள் இடது மிதியை அழுத்திக்கொண்டார், கிண்ணங்கள் விலகி நின்றன. இடுக்கில் துணியை விட்டுத் துடைத்தேன். கியரை விலக்கியிருந்ததால் மாடசாமி பக்கத்திலிருந்து உள்கிண்ணத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தான். துணி மாற்றி மாற்றித் துடைத்தும் தோலின் துவாரங்களிலிருந்து எண்ணெய் ஊறிக்கொண்டே வந்தது.

"பொடி வேணும் அண்ணாச்சி. காஞ்ச சாம்பலாவது வேணும். மணல் போட்டாத் தோல அறுத்துரும்."

சுற்றிலும் பார்த்தேன். மழையில் நனைந்த மண்ணும் வாழையும் தண்ணீரும்தான். வீடு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பிள்ளைவாளின் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது; நான் கேட்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது. அந்தப் பையைக் குளிக்காமல் அவர் தொட மாட்டார். கீழே இருந்ததோ மாட்டுத்தோல், காலால் மிதிபடுகிற இடம்.

"சாம்பல்னா, இது போதுமாலே?" என்றார்.

"போதும்."

"முருகா" என்று கண்ணை மூடி ஒரு தரம் சொன்னார். பையை அவிழ்த்தார். என்னிடம் தரவில்லை. மாடசாமியைக் கூப்பிட்டு மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு, தானே குனிந்து, செருப்பைக்கூடத் தொடாத அந்தக் கையால் தோலில் திருநீற்றைத் தடவினார். நான் பக்கத்திலிருந்து உள்கிண்ணத்தைத் திருப்பத் திருப்ப, ஒரு குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோலப் பைய அப்பிக்கொண்டே வந்தார்.

பை காலியாயிற்று. ஒரு பக்கம் இன்னும் பளபளத்தது. பையை உள்வெளியாகத் திருப்பி உதறினார். போதவில்லை. அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நெற்றியை உள்ளங்கையால் வழித்தார். மார்பை வழித்தார். தோளிலும் கையிலும் காய்ந்திருந்ததையெல்லாம் தேய்த்து உதிர்த்து அந்த இடத்தில் அப்பினார். நிமிர்ந்தபோது அவர் முகம் எனக்கு அடையாளம் தெரியாத முகமாக இருந்தது.

உதைக்கட்டும்

இருப்பது ஒரே ஒரு முயற்சி. காலைப் பைய எடுத்தால் தோல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் மிச்சத் தோலும் கருகிவிடும். வெடுக்கென்று எடுத்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் வண்டி கழுதைபோல் உதைக்கும். பின்னால் கிடக்கிறவள் அந்த உதையைத் தாங்குவாளா?

தட்டுக்குப் போய் அவள் காதருகில் சொன்னேன். "எஸ்தர், வண்டி ஒரு உத உதைக்கும். வேற வழி இல்ல."

கண்ணைத் திறந்தாள். "நீங்க நடுங்குதீய" என்றாள்.

"ஆமா."

"உதைக்கட்டும். நீங்க விடுங்க."

மாடசாமி எஞ்சினைச் சுற்றிவிட்டான். பிறகு அவனும் பிள்ளைவாளும் பின்னால் போய்த் தோள் கொடுத்து நின்றார்கள். வண்டி நழுவினால் முதலில் அவர்கள்மேல்தான் வரும். வேண்டாம் என்றேன். "வாய மூடிட்டு ஓட்டுலே" என்று பதில் வந்தது.

கையாலேயே பெட்ரோலைக் கூட்டி எஞ்சினை ஏற்றினேன். பிரேக்கையும் இடது காலையும் ஒரே நேரத்தில் விட்டேன்.

என் தலை பின்னால் போய் மோதிற்று. எஸ்தர் போட்ட சத்தத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் சக்கரம் பிடித்தது. வண்டி ஏறியது. பனையும் வாழையும் பின்னால் போயின. மேட்டின் தலைக்குப் போகும்வரை நான் மூச்சு விட்ட ஞாபகம் இல்லை. அங்கே எஞ்சினை நிறுத்தாமலே வண்டியை நிறுத்தினேன். இரண்டு பேரும் சேறும் சகதியுமாக ஓடி வந்து தொற்றிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் கருங்குளம், செய்துங்கநல்லூர் என்று ஊர்கள் வந்து போயின. ஒவ்வொரு சின்ன மேட்டிலும் மூக்கை விரித்து மோந்துகொண்டே ஓட்டினேன். பின்னால் சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் இன்னும் பயம். செய்துங்கநல்லூர் தாண்டியபோது அவள் முனகுவதும் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைவாள் என் சார்பில் திரும்பித் திரும்பிப் பார்த்து, "மூச்சு இருக்குலே, ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வேப்பமரத்தடியில்

ஆஸ்பத்திரி வாசலில் எஸ்தரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமியார் கூடவே போனார். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

என் மூக்கில் இன்னும் அந்தக் கருகல் வாடை. மாமியார் சுடுகாடு என்று சொன்னது காதிலேயே நின்றது. ஜெபிக்கலாமென்றால் வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் பஜாருக்குப் போகிற ஒரு செட்டியார் பிள்ளைவாளைக் கண்டு நின்றார். சாவுத் தீட்டில் மட்டும் காண்கிற அந்த வெறும் நெற்றியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அண்ணாச்சி, யாரு தவறிட்டாவ?"

பிள்ளைவாள் "யாரும் இல்ல வே, போரும்" என்று எரிந்து விழுந்தார். செட்டியார் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டது. பிள்ளைவாள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

சட்டென்று எழுந்து லாரிக்குப் போனார். மிதிபலகையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். எடுத்தபோது மூன்று விரலிலும் கரி. தோலும் நல்லெண்ணெயும் திருநீறும் சேர்ந்து கருகின பசை. அங்கேயே கிழக்கே பார்த்து நின்று அதை நெற்றியில் இழுத்தார். மூன்று கறுப்புப் பட்டை.

"அண்ணாச்சி!" என்றேன்.

"நல்ல சேதி வரும்போது நெத்தி வெறிச்சுன்னு இருக்கக் கூடாதுலே" என்றார். "இதுவும் செந்தூர் முருகன் திருநீறுதான். எங்கன போயிட்டு வந்தா என்ன?"

கதவு திறந்தது. நர்ஸம்மா வெளியே வந்தார். முதலில் பிள்ளைவாள் நெற்றியைப் பார்த்துத் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கினார். அப்புறம்தான் என்னைத் தேடினார்.

"பொம்பளப் பிள்ள. தாயி ரொம்ப ரத்தம் விட்டிருக்கா. ஆனா பிழைச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் சுகம்."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிள்ளைவாள் என் பக்கத்தில் குந்தினார். எண்ணெயும் கரியுமான கையை என் தலையில் வைத்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கி, அந்தக் கறுப்பு அவர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"லே சாமுவேலு" என்றார். "இனிமே அதுக்குச் சனிக்கெழம எண்ண கெடையாதுலே. சத்தியமா கெடையாது."